சேர் பொன். இராமநாதனும் அறியாதார்மேல் வீழ்ந்த பழியும்

தோற்றுவாய்

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது நம் பாட்டிமார் வாயில் இன்றும் வழங்கும் பழமொழி. வேலியை முறித்துத் தோட்டத்தை மேய்ந்த மாடு எங்கோ போய்விட, அயல் வளவிற் கட்டிநின்ற மாட்டுக்கு அடி விழுவதை நாட்டுப்புறத்திற் காண்கின்றோம். மாட்டுக்கு நேர்வது மனிதருக்கும் நேர்வதுண்டு. ஒரு மனிதனுக்கு நேர்வது ஓர் இனம் முழுவதற்கும் நேர்வதுண்டு. தான் செய்யாததும் தனக்குத் தெரியாததுமான செயலுக்கு ஒருவனைப் பொறுப்பாளியாக்கலாமா? ஆகாது என்று எளிதில் விடை சொல்லிவிடலாம். ஆயினும், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் எல்லாரும் எல்லாவற்றினின்றும் தப்பிவிடலாமா? இங்கேதான் சிக்கல் தோன்றுகின்றது.

நம் முன்னோர் இதனை எண்ணிப் பாராதவர் அல்லர். பாண்டியன் நெடுஞ்செழியன், கோவலன் கள்வனல்லன் என்பதை அறியாமலே கொலைத்தண்டம் விதித்தான். உண்மையை அறிந்த அக்கணமே அரியணையில் வீழ்ந்து உயிர் துறந்தான். அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன் கதையை மகாவம்சம் கூறுகின்றது. அவன் மகனின் தேர்ச்சில்லில் ஓர் கன்று அகப்பட்டு மாண்டது. மகன் வேண்டுமென்று செய்ததன்று. ஆயினும் தாய்ப்பசுவின் மணியொலி கேட்ட அரசன் தன் மகனையே சில்லின் கீழ் இட்டான். பிறிதொரு நாள் அவனது தேரே தவறுதலாக ஒரு தூபியில் மோதிற்று, கற்கள் பெயர்ந்தன. தேரினின்றும் இறங்கித் தன் தலையைக் கொய்யுமாறு அமைச்சரை வேண்டினான் அவ்வரசன். அவர்கள் மறுத்துவிட, பெயர்ந்த 15 கற்களையும் திரும்பப் பதிப்பதற்கு 15,000 கஹாபணம் செலவிட்டான் என்பது அந்நூல் தரும் செய்தி.

இக்கதைகளில் ஒன்றை நோக்குக. அறியாமல் நேர்ந்த பிழைக்குப் பொறுப்பேற்றவர் முடி தரித்தோர். அப்பாரத்தை அவர்கள் தங்கள்மேலும் தங்கள் மகவின்மேலும் ஏற்றிக்கொண்டார்களேயன்றிக் குடிகள்மேல் இறக்கிவைக்கவில்லை. அறியாப் பழியைத் தானே ஏற்பது அறம். அதனைப் பிறர் தலையிற் கட்டுவது கொடுமை. இந்த வேற்றுமையை ஈழநாட்டுச் சட்டநிரூபண சபையிலே ஆங்கில ஆட்சியாளர் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தவர், நமது உடுவிற் பகுதியிலே மருதனார்மடத்திற் சமாதி கொண்டிருக்கும் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆவர். அவரது வாழ்வை இந்த நோக்கிலே ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

குடியும் கல்வியும்

இராமநாதன் 1851 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆந் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார், நம் அயலூராகிய மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்டவர். தாயார் செல்லாச்சி அம்மையார். சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாயிருந்து புகழ்பெற்ற சேர் முத்துக்குமாரசுவாமி இவருடைய தாய்மாமன். கலைஞானி ஆனந்த குமாரசுவாமி அந்த மாமனாரின் புதல்வர். இளைய சகோதரர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். ஒரு குடும்பத்தில் இத்துணைப் பெரியோர் ஒருங்கே தோன்றியது நம் நாட்டில் அரிது.

கொழும்பில் றோயல் கல்லூரியிலும் சென்னையிற் பிரசிடென்சிக் கல்லூரியிலும் பயின்ற இராமநாதன், சேர் றிச்சட் மோர்கனிடம் சட்டம் கற்று 1874 இல் நியாயதுரந்தரர் ஆனார். உயர்நீதிமன்றத் தீர்ப்புகளை அரிதின் முயன்று தொகுத்து அச்சிட்டார். ஒரு வழக்கில் நீதவான் சொன்ன நியாயம் அடுத்த வழக்காளிக்குத் தெரியவேண்டும். தெரியாத சட்டத்துக்கு மனிதர் எவ்வாறு அமைந்து நடப்பர்? அத்தொகுதிகள் அவர் பெயராலேயே வழங்கலாயின.

1879 இல் மாமனார் மறைந்தபின் அவரிடத்துக்கு இராமநாதன் நியமிக்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 28. அவர் உறுப்பினராயிருந்த காலத்திலேதான், 1883 இல், இலங்கைக்குத் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. இன்றும் நம் நீதிமன்றங்களில் வழங்கும் அக்கோவையில் நம் பொருளுக்கு வேண்டிய இரண்டு செய்திகள் உள. நடந்த ஒன்றைத் தவறாக விளங்கிக்கொண்டு நன்னம்பிக்கையுடன் ஒருவன் செய்த செயலை அது மன்னிக்கின்றது. சட்டம் தெரியாது என்பதை மாத்திரம் அது சாட்டாக ஏற்பதில்லை. மற்றையது, சட்டவிரோதமான கூட்டத்தைப் பற்றியது. ஒரு கூட்டத்திற் சேர்ந்தவர்களுள் ஒருவன் செய்த குற்றத்துக்கு ஏனையோரும் பொறுப்பாளிகளாகலாம் என்கின்றது 146 ஆம் பிரிவு. எப்பொழுது? அக்குற்றம் கூட்டத்தின் பொது நோக்கத்தை நிறைவேற்றச் செய்யப்பட்டதாயிருத்தல் வேண்டும். அல்லது அது நிகழக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அன்றியும், குற்றம் நிகழ்ந்த வேளையில் அவன் அக்கூட்டத்தில் இருந்திருத்தல் வேண்டும். ஆகவே பிறன் செயலுக்குப் பொறுப்புச் சொல்லும் நிலையிலும், கூடி நின்றமையையும் நோக்கத்தையும் அறிவையும் சட்டம் தேடுகின்றது. அயலில் வசித்தான், ஒரே மொழி பேசினான், ஒரே சமயத்தவன் என்பன போதா.

1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாக அரசாங்கத்தின் சார்பில் வழக்குரைத்தவர் இராமநாதன். குற்றவாளியைக் கூண்டிலேற்றும் தொழில் அது. குற்றத்தை எண்பிக்க எத்துணைச் சான்று வேண்டும் என்பதை அவர் ஏட்டிற் படித்து மாத்திரம் அறிந்தவரல்லர். நாள்தோறும் மன்றிலே நின்று அறிந்தவர்.

ஞானத் தேட்டம்

இக்காலத்திலே தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளை அடுத்துச் சைவசித்தாந்த ஞானத்தில் ஆழ்ந்தார். மிஷன் பாடசாலையிற் படித்த எம்மனோர்க்கு வியப்பளிப்பது, அவர் கிறித்து வேதத்தின் மத்தேயு சுவிசேடத்துக்கு 1898 இலும் யோவான் சுவிசேடத்துக்கு 1902 இலும் ஆங்கிலத்தில் உரை எழுதி வெளியிட்டமையாகும். பிற சமயத்தின் நூலைக் குறைகாணும் நோக்கோடன்றிப் பொருள்காணும் நோக்கோடு கற்றார். 1905 இலும் 1906 இலும் அமெரிக்காவிற் பிரயாணஞ் செய்து விரிவுரைகள் நிகழ்த்தினார்.

அறியாமை பற்றிச் சித்தாந்தம் கூறுவது ஆழமானது. உயிர் அநாதியே ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கின்றது. தன்னையும் அறியாது, தலைவனையும் அறியாது. ஆயினும் அது செய்த வினை அதனைப் பற்றுகின்றது. அறியாமற் குடித்தாலும் நஞ்சு நஞ்சே. அப்படியாயின் அறியாதாரைத் தண்டிப்பது முறையாகாதோ என்று சிலர் வினவுவர். வினையைக் கூட்டுவிப்பவன் முற்றறிவுடைய இறைவன்; அவன் ஒருவன் வினையை வேறொருவனுக்கு ஊட்டுவதில்லை. மனித நீதிபதியோ முற்றறிவில்லாதவன். ஆதலின் அவன் சான்றைக் கொண்டே நடத்தல் வேண்டும். இறைவனுக்குரிய தண்டத்தைச் சான்றின்றி மனிதன் கையில் எடுப்பது அகந்தையாகும். இராமநாதனின் சட்டவறிவும் சமயவறிவும் சந்திக்கும் இடம் இதுவெனக் கொள்ளலாம்.

மருதனார்மடத்திற் கல்விக்கோயில்

1911 இல் இலங்கையிற் படித்தோருக்கென முதன்முறையாக ஓர் ஆசனம் தேர்தலுக்கு விடப்பட்டது. நாடு முழுவதிலும் வாக்குரிமை பெற்றிருந்தோர் 3,000 பேருக்கும் குறைவு. சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வாக்களித்த அத்தேர்தலில், டாக்டர் மாக்கஸ் பெர்னாண்டோவை வென்று இராமநாதன் சபை புகுந்தார். அன்றுதொட்டு அவர் தமிழருக்கு மாத்திரம் பிரதிநிதியல்லர்.

ஈராண்டின் பின், 1913 இல், மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி திறக்கப்பட்டது. பெண்கல்வியின் விளக்கு இப்பகுதியில் அதற்கு முன்னமே ஏற்றப்பட்டிருந்தது என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். 1824 இல் அமெரிக்க மிஷனார் உடுவிலில் நிறுவிய பெண்கள் விடுதிப் பாடசாலை ஆசியாவிலேயே மிகப் பழைமையானவற்றுள் ஒன்று. அவ்விளக்கின் ஒளி சைவச் சூழலிற் சைவப் பெண்களுக்கும் கிடைக்கவேண்டும் என்பது இராமநாதனின் விருப்பம். அவருடைய துணைவியாராகிய லீலாவதி அம்மையார், அவுஸ்திரேலியாவிற் பிறந்து சைவத்தைத் தழுவியவர். கல்லூரியைத் தாய்போற் பேணி வளர்த்தார். பின்னர், 1921 இல், ஆண்பிள்ளைகளுக்காகத் திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரி எழுந்தது. 1974 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது அந்த மண்ணிலேதான்.

பொறுப்புச் சொல்லவேண்டிய மனிதருக்கு அறிவு கொடுத்தல் வேண்டும். அறிவு கொடாமற் பொறுப்புக் கேட்பது, விதையாத வயலில் விளைவு கேட்பது போலாம். கல்லூரிகளை எழுப்பிய கையே நிரபராதிகளுக்காகவும் எழுந்தது இயல்பேயன்றோ?

1915 ஆம் ஆண்டுக் கலகம்

1915 ஆம் ஆண்டு மே மாதம் 28 ஆந் திகதி வெசாக் இரவு. கண்டியில் ஒரு பள்ளிவாசலுக்கு முன்னே பாடலும் வாத்தியமுமாகச் சென்ற பௌத்த பத்தி ஊர்வலத்துக்கும் அங்கு நின்ற முஸ்லிம்களுக்கும் இடையே கலகம் மூண்டது. கம்பளையிற் பெரஹரா செல்லும் வழி பற்றிய வழக்கு ஒன்று நீதிமன்றங்களிற் சில ஆண்டுகளாக நடந்து மனக்கசப்பை வளர்த்திருந்தது. உலகப் போரினாற் பண்டங்களின் விலையும் ஏறியிருந்தது. சில நாட்களில் நெருப்பு மத்திய, மேல், வடமேல், தென், சப்பிரகமுவ மாகாணங்களுக்குப் பரவிற்று.

பாதிக்கப்பட்டோர் முஸ்லிம்கள். இதனை முதலிற் சொல்லாமல் மேற்செல்வது நேர்மையன்று. அரசாங்கக் கணக்கின்படி அவர்களுள் 25 பேர் கொல்லப்பட்டனர். 4,000 க்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிந்தன. கடையிலிருந்து மிளகாயும் துணியும் விற்ற ஏழை வியாபாரிக்குக் கம்பளை வழக்கைப் பற்றி என்ன தெரியும்? அறியாத ஒன்றுக்கு முதலிற் பழி சுமந்தவர் அவர்களே.

தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் ஜூன் 2 ஆந் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். அவர் பாளிமொழி வல்லுநர். புத்த சாதகக் கதைகளை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். நூலிலுள்ள பௌத்தத்தை அறிந்திருந்தாரேயன்றி வீதியிலுள்ள பௌத்த மக்களை அறிந்திலர். அதே மே மாதத்திலேதான் அவருடைய இரு புதல்வர்களும் போர்க்களத்தில் மாண்டனர். புத்திரசோகத்திலிருந்த அம்மனிதரை முற்றாக வெறுக்க மனம் வருவதில்லை. ஆயினும் அவருடைய அரசாங்கம், கலகத்தின் பின்னே ஆங்கில ஆட்சியைக் கவிழ்க்கும் சதி இருந்ததென நம்பிற்று. மதுவிலக்கு இயக்கத்தை நடத்திய சிங்களப் பிரமுகர்கள் மறியற்சாலையில் அடைக்கப்பட்டனர். டி. பி. ஜயதிலக்க, எவ். ஆர். சேனநாயக்க, பின்னாளிற் சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்க ஆகியோர் அவர்களுட் சிலர். நடவாத சதியை அறிந்திருந்தார்கள் என்பது அவர்கள்மேற் சுமத்தப்பட்ட ஐயம். இல்லாத ஒன்றை அறியேன் என்று எவ்வாறு எண்பிப்பது?

சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கவும் இராணுவ நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. கொழும்பு நகரக் காவற்படையைச் சேர்ந்த ஹென்றி பேதிரிஸ் என்னும் 26 வயது இளைஞர், கலகக்காரரைத் தூண்டினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, 1915 ஜூலை 7 இல் வெலிக்கடையிற் சுடப்பட்டார். 2024 இல் இலங்கைச் சனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 109 ஆண்டுகள் கழிந்தபின் வந்த மன்னிப்பு அது. அநகாரிக தர்மபாலரின் சகோதரர் எட்மண்ட் ஹேவாவிதாரண ஆயுட்சிறை பெற்று நம் யாழ்ப்பாணச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டு, அதே ஆண்டு நவம்பரிற் காய்ச்சலால் இறந்தார். நம் ஊருக்கு அருகிலேயே, நம்மவர் பலர் அறியாமலே, அவ்வுயிர் பிரிந்தது.

ஊர்மேல் விழுந்த வரி

இவை தனிமனிதருக்கு நேர்ந்தவை. ஓர் இனத்துக்கே நேர்ந்தது வேறொன்று. அழிந்த சொத்துக்கு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. முஸ்லிம் மக்களுக்கு அது உரியது. ஆனால் யார் கொடுப்பது? கலகம் நடந்த பகுதிகளில் வசித்த சிங்களவரிடம் அறவிடுவதென அரசாங்கம் முடிவு செய்தது. ஆணையாளர்கள் படைவீரருடன் ஊர்களுக்குச் சென்று மக்களைக் கூட்டி, இவ்வளவு தருகின்றோம் என்று உறுதிச்சீட்டில் ஒப்பம் வாங்கினர். பின்னர் அதற்கென ஒரு கட்டளைச் சட்டமும் 1915 இலேயே நிறைவேற்றப்பட்டது. ஒருவன் கல்லெறிந்தானா, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருந்தானா, அயல்வீட்டு முஸ்லிமைத் தன் அறையில் ஒளித்துக் காத்தானா என்பது வேண்டப்படவில்லை. அவ்வூரிற் சிங்களவனாய் வசித்தல் போதும்.

ஊரார் கூடிப் பொறுப்பேற்கும் வழக்கம் ஆங்கிலச் சட்டத்துக்குப் புதிதன்று என்று அரசாங்கத்தார் சொல்லக்கூடும். உண்மை; 1285 இல் முதலாம் எட்வேட் மன்னன் இயற்றிய வின்செஸ்ரர்ச் சட்டம், கள்ளனைப் பிடித்துக்கொடாத ஊரார் களவுக்கு ஈடு செய்யவேண்டும் என்றது. பொலிசார் இல்லாத அக்காலத்தில் ஊர் காக்கும் கடமை ஊராருடையது. 1886 இல் இங்கிலாந்திலே குழப்பங்களால் வரும் நட்டத்துக்கெனச் செய்யப்பட்ட சட்டமும் அவ்வூரின் பொலிஸ் வரியிலிருந்து பணம் எடுத்தது. ஆனால் அது ஊரார் எல்லாரிடமும் எடுத்தது. இனம் பார்த்து எடுக்கவில்லை. காவலுக்குப் பணம் கட்டிய ஊர், காவல் தவறியதற்கு ஈடு கட்டிற்று. 1915 இல் இலங்கையிலோ காவற் கடமை அரசாங்கத்தினுடையது. பொலிசாரும் படையும் அதன் கையில். காக்கத் தவறியவர் ஒருவர், கட்டியவர் மற்றொருவர்.

இதற்கு மேலும் ஒன்றுண்டு. இராணுவச் சட்டக் காலத்தில் நன்னம்பிக்கையுடன் செய்தனவற்றுக்காக உத்தியோகத்தர்மேல் வழக்கிடலாகாது என்று மன்னராணை ஒன்று அதே ஆண்டிற் பிறந்தது. விசாரணையின்றிச் சுட்டவரும் அதன் நிழலில் ஒதுங்கலாம். செய்தவருக்குப் பொறுப்பில்லை, செய்யாதவருக்குப் பொறுப்புண்டு! எல்லாளன் தன் தலையை நீட்டினான். இவ்வாட்சியோ தன் தலையை மறைத்துக் குடியின் தலையை நீட்டிற்று. பிலாத்து கை கழுவிய கதையை மத்தேயு சுவிசேடத்திற் படித்திருக்கின்றோம். அச்சுவிசேடத்துக்கு உரை கண்டவர் அச்சபையில் வாளாவிருப்பாரா?

சபையில் எழுந்த குரல்

இராமநாதனுக்கு அப்பொழுது வயது 64. அரசாங்கத்தில் உயர்பதவி வகித்தவர். மன்னரின் விருது பெற்றவர். பேசாமலிருந்தால் இழப்பதற்கு ஒன்றுமில்லை, பேசினால் இராசத்துரோகி எனப்படலாம். போர்க்காலம் அது. சிங்களத் தலைவர் பலர் சிறையில். வெளியில் நின்றோர் அஞ்சி நின்றனர்.

அவர் எழுந்தார். உத்தியோக உறுப்பினரே பெரும்பான்மையாயிருந்த சபையிற் பல நாட்கள் பேசினார். சதி என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டார். கலகம் சில நாட்களில் அடங்கியபின்னும் இராணுவச் சட்டம் மூன்று மாதம் நீடித்தது எதற்கு என்று கேட்டார். விசாரணையின்றிச் சுடப்பட்டோரைப் பற்றியும், வலிந்து வாங்கப்பட்ட உறுதிச்சீட்டுகளைப் பற்றியும் விவரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். குற்றஞ்செய்தவனைத் தேடிப் பிடித்துத் தண்டியுங்கள், குற்றமில்லாதவனைத் தொடாதீர்கள் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். உணர்ச்சியைக் கிளறும் பிரசங்கியாக அவர் பேசவில்லை. பழைய வழக்குரைஞராக ஏட்டைப் புரட்டிப் பேசினார். அப்பேச்சுகள் 1916 இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன.

நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்த கடலைக் கடந்து இங்கிலாந்து சென்று குடியேற்றநாட்டு மந்திரி காரியாலயத்தில் முறையிட்டார். ஈ. டபிள்யூ. பெரேராவும் டி. பி. ஜயதிலக்கவும் அங்கே அதே பணியில் ஈடுபட்டனர். சாமர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். 1916 இற் பதவியேற்ற சேர் ஜோன் அண்டர்சன், விசாரணையின்றி நிகழ்ந்த சில துப்பாக்கிச் சூடுகளை ஆராய ஆணைக்குழு அமைத்து, அச்செயல்களைக் கண்டித்தார். ஆயினும் இலங்கையர் கேட்ட முழு விசாரணைக்கான அரச ஆணைக்குழு நியமிக்கப்படவேயில்லை. வெற்றி அரைகுறையானது, அதனை முழுவெற்றியாகப் பாடுவது பொருந்தாது.

நாடு திரும்பிய இராமநாதனை வரவேற்ற சிங்கள மக்கள், குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே இழுத்துச் சென்றனர் என்பது நம் பெரியோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. நான்கு ஆண்டுகளின் பின், 1919 இல், பஞ்சாபிலும் இதே நோய் கண்டது. அமிர்தசரசில் ஒரு வெள்ளைக்கார மாது தாக்கப்பட்ட சந்தின் வழியே செல்வோர் எல்லாரும் தரையில் ஊர்ந்து செல்லவேண்டும் என்று ஆணை பிறந்தது. அம்மாதைத் தாக்கியவன் யாரென்று அறியாதவரும் ஊர்ந்தனர். இலங்கையிற் கேட்ட குரலைச் செவியிற் கொண்டிருந்தால் ஆட்சியாளர் அங்கே அதே பிழையைச் செய்திருப்பாரோ?

அவரையும் அதே கோலால் அளத்தல்

பெரியோரைப் போற்றுவது நம் வழக்கம். ஆயினும் அவர் பிடித்த அளவுகோலை அவருக்கே வைத்துப் பாராவிடின் அது வெறும் துதியாகும்.

சிங்களவர்க்காக வாதாடிய வேகத்தில், வீடும் உயிரும் இழந்த முஸ்லிம்களின் துயரத்துக்கு அவர் போதிய இடம் கொடுக்கவில்லை என்னும் மனத்தாங்கல் அச்சமுகத்தவரிடம் நிலைத்துவிட்டது. 1888 இல் இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றி அவர் வாசித்த கட்டுரையும் அவர்களைப் புண்படுத்தியிருந்தது. ஒருவனைப் பொய்ப்பழியினின்றும் விடுவிக்கும்போது மெய்யாகவே அடிபட்டவனை மறவாதிருத்தல் கடினம். ஆயினும் அது வேண்டும்.

மற்றொன்று, டொனமூர் ஆணைக்குழு சிபார்சு செய்த சர்வசன வாக்குரிமையை அவர் எதிர்த்தமையாகும். கல்வியறிவில்லாதார் அரசியலை அறியார் என்பது அக்காலப் பிரமுகர் பலரின் எண்ணம். ஆனால் அக்கல்வியறிவில்லாதாரையே சட்டம் தண்டித்தது, வரி கேட்டது. அறியார் என்று வாக்கை மறுப்பதும், அறிந்தார்போற் பொறுப்பைக் கேட்பதும் எங்ஙனம் பொருந்தும்? 1915 இல் அவர் கேட்ட கேள்வியே இங்கே அவரை நோக்கித் திரும்புகின்றது. 1931 இல் ஆணும் பெண்ணும் வாக்குரிமை பெற்றனர். அதற்கு முன்னரே, 1930 நவம்பர் 26 ஆந் திகதி, தமது 79 ஆம் வயதில் இராமநாதன் சிவபதம் அடைந்துவிட்டார்.

இக்குறைகளாற் சபையில் அவர் செய்த பணி சிறுமைப்படவில்லை. தம் இனத்தவரல்லாத ஏழை மக்களின் குற்றமின்மைக்காகத் தம் பெயரையும் பதவியையும் பணயம் வைத்தவர் அந்நாளில் வேறெவர் உளர்?

நமக்குள்ள கடன்

இளைஞர்காள்! இது பழங்கதை என்று ஏட்டை மூடிவிட இயலவில்லை. பரமேசுவராக் கல்லூரி எழுந்த அத்திருநெல்வேலியில் 1983 ஜூலை 23 இரவு 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். அடுத்த நாட்களிற் கொழும்பிலும் பிற நகரங்களிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. அங்கே கணக்கெழுதிக்கொண்டும் கடை நடத்திக்கொண்டும் இருந்தவர்க்குத் திருநெல்வேலி வீதியில் நடந்தது எதுவும் தெரியாது. தமிழராய் இருந்தமையே அவர்கள் செய்த குற்றம். அந்த வேதனையை நாம் இன்றும் சொல்லுகின்றோம், சொல்லவும் வேண்டும்.

ஆனால் 1990 அக்டோபரில் இந்த யாழ்ப்பாணத்திலே என்ன நடந்தது? தலைமுறைகளாக நம்மோடு வாழ்ந்த முஸ்லிம்கள், சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எங்கோ யாரோ செய்ததற்காக, ஒன்றும் அறியாத தையற்காரரும் இரும்புக்கடைக்காரரும் பள்ளிப்பிள்ளைகளும் உடுத்த துணியோடு நடந்தனர். 2019 இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின், குருநாகல், கம்பகா மாவட்டங்களில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபொழுதும் இதுவே நிகழ்ந்தது. நெருப்பு வைப்பவன் மாறுகின்றான், எரிபவன் மாறுகின்றான், அவர்கள் ஆட்கள்தானே செய்தார்கள் என்னும் அந்த ஒரு சொல் மாத்திரம் மாறுவதில்லை.

ஆதலின் நாம் இரண்டு வினாக்களைப் பிரித்து வைத்துக்கொள்ளல் வேண்டும். பிறரைத் தண்டிக்க எழும்போது, இவன் செய்தானா, அறிந்து துணைநின்றானா என்று கேட்டல் வேண்டும்; இவன் யாருடைய ஆள் என்று கேட்டலாகாது. நம்மைப் பற்றி எண்ணும்போதோ, எனக்குத் தெரியாது என்பதோடு நின்றுவிடலாகாது. தெரிந்துகொள்ள வழி இருந்ததா, நான் ஏன் கேட்கவில்லை என்று வினாவுதல் வேண்டும். 1990 இற் பிறவாத என் வயதினரை அந்த வெளியேற்றத்துக்காக ஒருவரும் குற்றவாளியாக்க இயலாது. ஆனால் வெறுமையான அந்தச் சோனகத் தெருவின் கதையை வீட்டிற் கேளாமலும் பள்ளியிற் பேசாமலும் வளர்ந்தால், அந்த அறியாமைக்கு நாமே பொறுப்பாளிகள். திரும்பி வந்து குடியேறுவோருக்கு இடங்கொடுப்பதும், வந்தவரோடு அயலவராய்ப் பழகுவதும் நம் கைக்கெட்டிய காரியங்கள்.

மருதனார்மடச் சந்தியாற் சந்தைக்கும் வகுப்புக்கும் நாள்தோறும் போகின்றோம். கல்லூரி வளவினுள்ளே அப்பெருமகனாரின் சமாதி இருக்கின்றது. அதற்கு மாலை சூட்டுதல் ஆண்டுக்கொருமுறை செய்யும் கடமை. அயலான்மேற் பொய்ப்பழி விழும்போது எழுந்து, சான்று எங்கே என்று கேட்பது எந்நாளும் செய்யவேண்டிய கடமை. நம் இளைஞர் சங்கத்தார் இவ்விரண்டையும் மறவாது செய்வாராக.

வாழ்க இராமநாத வள்ளல் நாமம்!